மண் சுமந்தவர்க்கு மண் எங்கே?

ஒவ்வொரு பெருவெள்ளத்தின்போதும் நம் பத்திரிகைகளில் இரண்டு சொற்றொடர்கள் தவறாது இடம்பெறுகின்றன. வெள்ளம் பெருகும் வாரத்தில் ‘இயற்கையின் சீற்றம்’ என்பர். வடிந்த வாரத்தில் ‘மீண்டெழும் மக்கள்’ என்பர். முதலாவது தொடர், அழிவுக்குப் பொறுப்பாளி எவருமில்லை என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றது. இரண்டாவது தொடர், மீளும் பொறுப்பு முழுவதையும் அழிவுக்கு ஆளானவரின் தோளிலேயே ஏற்றிவிடுகின்றது. புகழ்ச்சியாக ஏற்றுவதால் அது சுமை என்பது நமக்குத் தெரிவதில்லை.

இவ்விரண்டு தொடர்களுக்கும் நடுவே ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கின்றது. மக்கள் மீள்கிறார்கள் என்றால் எந்த நிலைக்கு மீள்கிறார்கள்? சொந்த நிலமும் சொந்தக் கூரையும் உடையவனுக்கு மீட்சி என்பது இழந்தவற்றைத் திரும்பப் பெறுவது. வெள்ளத்துக்கு முதல் நாளும் தனதென்று ஒரு பிடி மண் இல்லாதவனுக்கு மீட்சி என்பது யாது? சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களை, சிறப்பாக றக்வானைப் பகுதியை மனத்திற் கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை நிவாரணப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. இது நிலப் பிரச்சினை. ஆதலால் நம் இலக்கியத்தின் பிரச்சினையும் ஆகும்.

வந்தியின் பங்கு

வெள்ளமும் மீட்சியும் பற்றித் தமிழ் மக்கள் நன்கறிந்த கதை திருவிளையாடற் புராணத்தில் வரும் பிட்டுக்கு மண் சுமந்த கதையே. வையை பெருகுகின்றது, கரை உடைகின்றது. வீட்டுக்கு ஒருவர் வந்து கரையை அடைக்க வேண்டுமெனப் பாண்டியன் ஆணையிடுகின்றான். ஊரவர்க்குக் கரை அளந்து பங்கிடப்படுகின்றது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விழுகின்றது. அவளுக்கோ ஆள் இல்லை. இறைவனே கூலியாளாக வருகின்றான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெறுகின்றான். வேலையில் மனமின்றி ஆடியும் பாடியும் உறங்கியும் பொழுது போக்குகின்றான். கண்காணிகள் அரசனிடம் முறையிடுகின்றனர். பிரம்படி விழுகின்றது. அந்த அடி அரசன் உட்பட அனைவர் முதுகிலும் படுகின்றது.

பக்திச் சுவை ததும்பும் இக்கதையைச் சற்றுச் சமூகக் கண்ணோடு நோக்குவோம். வெள்ள மீட்பின் அமைப்பு முழுவதும் இதில் அடங்கியிருப்பதைக் காணலாம். ஆள்பலமுள்ள வீட்டுக்கும் ஆதரவற்ற கிழவிக்கும் ஒரே விதி. உழைப்பைக் கட்டாயமாக்கும் ஆணை. மேற்பார்வை செய்யும் கண்காணி. கூலியாளின் முதுகில் விழும் பிரம்பு. ஒருவன் மீது விழும் அடி எல்லோர் மீதும் விழுகின்றது என்ற உண்மையை நம் புராணிகர் எவ்வளவு அழகாகக் கூறிவிட்டனர்! ஆயினும் ஒன்றைக் கூறாது விட்டனர். இறுதியில் வந்திக்குச் சிவலோகம் கிடைக்கின்றது. மதுரையிலே, வையைக் கரையிலே, இனி வெள்ளம் அணுகாத மேட்டிலே அவளுக்கு ஒரு காணி நிலம் கிடைத்ததா என்பதைப் புராணம் சொல்லவில்லை.

மலையகத் தோட்டத் தொழிலாளி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மண் சுமந்தவன். காட்டை அழித்ததும், மலையைச் செதுக்கிப் பாதையிட்டதும், கான் வெட்டியதும், கல்லணை கட்டியதும் அவன் கைகளே. வந்தியின் கதையில் விடுபட்ட வினாவை அவன் சார்பில் எழுப்புவது நம் கடமையாகும்.

நீர் எங்கே நிற்கின்றது?

இரத்தினபுரி மாவட்டத்தின் நில அமைப்பைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். சிவனொளிபாத மலைத் தொடரில் தோன்றும் களுகங்கை, தன் பயணத்தின் முதல் 36 கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரம் இறங்கி இரத்தினபுரியை அடைகின்றது. அதன் பின்னர் கடல்வரை நிலம் ஏறக்குறையச் சமதரை. மலையிலிருந்து பாய்ந்து வரும் நீர் சமதரையில் தயங்கி நிற்கின்றது. நகரும் வயலும் மூழ்குகின்றன. றக்வானை இம்மாவட்டத்தின் தெற்கே, மலைச்சரிவில் அமைந்த ஊர். அதன் ஆறு களுகங்கையைச் சேராது வளவை கங்கையை நோக்கிச் செல்கின்றது. தெற்கே புலுத்தொட்டைக் கணவாயும், அதற்கப்பால் தெனியாயப் பக்கமும், மேற்கே சிங்கராசக் காடும் உள்ளன. தென்மேற்குப் பருவமழை இந்த மலைகளில் மோதிக் கொட்டுகின்றது. பள்ளத்திலிருப்பவனுக்கு நீர் பகை. சரிவிலிருப்பவனுக்கு மண்ணே பகை. இம்மாவட்டத்தில் இரண்டும் ஒரே இரவில் வருகின்றன.

மழை எல்லோர் மீதும் பொழிகின்றது. அழிவு அவ்வாறு பொதுவாக விழுவதில்லை. தோட்டம் உருவான காலத்தில் நல்ல நிலம் செடிக்கும், காட்சியும் காற்றோட்டமும் உள்ள மேடு துரையின் பங்களாவுக்கும், செடிக்கு ஆகாத ஓடைக்கரையும் சரிவும் பள்ளமும் லயத்துக்கும் ஒதுக்கப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் அடுத்தடுத்து நிற்கும் காம்பராக்கள். முதுகை மலைக்குக் கொடுத்து நிற்கும் சுவர். முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. ஒரே தகரக் கூரை. மலை சரிந்தால் ஒரு குடும்பம் மட்டும் போவதில்லை. லயம் முழுவதும் போகின்றது. ஆகவே வெள்ளத்தைக் கொணர்ந்தது இயற்கையே எனினும், அதன் பாதையில் மனிதரை வரிசையாக நிறுத்தி வைத்தது இயற்கை அன்று. அது ஒரு பொருளாதார அமைப்பின் வேலை.

சப்ரகமுவவின் தோட்டங்கட்கு நுவரெலியாவினின்றும் வேறுபட்ட ஒரு நிலைமை உண்டு. அங்கே மலை மலையாகத் தமிழ்த் தொழிலாளர் செறிந்து வாழ்கின்றனர். வாக்குப் பலமும் தொழிற்சங்கப் பலமும் ஓரளவு உண்டு. இங்கோ தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. கம்பனித் தோட்டங்களோடு தனியாருக்குச் சொந்தமான சிறு தோட்டங்களும் பல. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது இந்த மாகாணத்தின் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓட நேர்ந்தது. எஞ்சியவர் எண்ணிக்கையிற் குறைந்தவர், குரலும் குறைந்தவர். வெள்ளம் வந்தபோது அவர்கள் குரல் மேலும் மெலிந்து கேட்டதில் வியப்பில்லை.

வெள்ளக் கணக்கும் சட்டக் கணக்கும்

இம்மாகாணத்தின் வெள்ள ஆண்டுகளையும் இம்மக்களைப் பற்றிய சட்டங்களின் ஆண்டுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும்.

1947 ஆகஸ்டில் களுகங்கை பெருகியது. அவ்வாண்டின் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் திருமணமானவர் 7 ஆண்டும், ஏனையோர் 10 ஆண்டும் இலங்கையில் இடையறாது வாழ்ந்ததை அதன்படி நிறுவ வேண்டியிருந்தது. எதனால் நிறுவுவது? காகிதத்தால். லயத்தின் தகரப் பெட்டிக்குள் துண்டும் பதிவுச் சீட்டும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் பொன்னைப் போலக் காக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்தக் காகிதங்களைக் கொண்டே மனிதரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது.

2003 மே மாதத்தில் மீண்டும் பெருவெள்ளம். தென்மேற்கு மாவட்டங்களில் 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரத்தினபுரியே மிகுதியான உயிர்களை இழந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில்தான், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோரை நாட்டவராக்கியது. இடைப்பட்ட 55 ஆண்டுகளில் எத்தனை மழைகள், எத்தனை கசிந்த கூரைகள், எத்தனை நனைந்த காகிதங்கள்! ஏனையோர்க்கு வெள்ளத்தில் தொலைந்த பத்திரம் ஒரு தொல்லை. இம்மக்களுக்கு அதுவே நாடு. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு நீரில் நடப்பவன் பொருளாசையால் நடக்கிறான் என்று எண்ணுபவர் இவ்வரலாற்றை அறியாதவரே.

2016 மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்தில் இரு துயரங்கள் நிகழ்ந்தன. அரநாயக்கவில் சாமசரக் கந்தை சரிந்து மூன்று கிராமங்களைப் புதைத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அதே நாளில் புலத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் லயத்தின் மீது மண் சரிந்து பதினைந்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அரநாயக்க நாடெங்கும் அறிந்த பெயராயிற்று. களுபஹனவோ, அதனைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு அப்பால், எத்தனை பேரின் நினைவில் நிற்கின்றது? ஓராண்டு கழித்து, 2017 மே இறுதியில் இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்கள் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கின. மீண்டும் 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு இரு வாரங்களுக்கு முன்புதான் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்துச் சென்றிருந்தார். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் நாட்டையே உலுக்கியது. 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாடெங்கும் சரிவுகள் ஏற்பட்டன.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் நான்கு பேரழிவுகள்! ‘நூற்றாண்டுக்கொரு முறை’ என்ற ஆறுதல் மொழிக்கு இனி இடமில்லை. மீட்சியைப் பற்றிய நம் சிந்தனையும், ஒரு முறை விழுந்து எழுபவனைப் பற்றியதாக இருத்தல் கூடாது. எழுந்து முடிவதற்குள் மீண்டும் வீழ்த்தப்படுபவனைப் பற்றியதாக இருத்தல் வேண்டும்.

மக்கள் செய்வது என்ன?

வெள்ளம் வடிந்த மறுநாள் தோட்டத்தில் முதலில் இயங்குவது மக்களே. இளைஞர் ஓடையை அடைத்த மரங்களை அகற்றுகின்றனர்; பெண்கள் இடிந்து போன பீலிக்கு மாற்றாக வேறு ஊற்றைத் தேடுகின்றனர்; கோவிலும் பள்ளிக்கூடமும் அடுப்புக் கூடங்களாகின்றன. மரண உதவிச் சங்கமும் சீட்டுப் பணமும் கைமாற்றும் வங்கிக்கு முன்பே வந்து சேருகின்றன. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயி சோற்றுப் பொதியுடன் வருவதும், அவன் வயலில் படிந்த மணலை அள்ளத் தோட்டத்து இளைஞர் செல்வதும் நடவாதவை அல்ல. துன்பம் வந்த இடத்தில் உழைப்பவர் ஒருவரையொருவர் இனங்காண்கின்றனர். இது நம் நாட்டின் வருங்காலத்துக்கான ஒரு விதை. இதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயின் இந்த ஒற்றுமையைப் பாடுவதோடு நின்றுவிடுபவர், அதன் எல்லையைக் காண மறுக்கின்றனர். தொழிலாளி நாட்கூலி பெறுபவன். பிரட்டுக்குச் சென்றாலன்றிப் பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. மழை பெய்தால் இறப்பரில் பால் வெட்ட இயலாது. பாதை சரிந்தால் கொழுந்து தொழிற்சாலைக்குப் போகாது. தன் காம்பராவின் சேற்றை அள்ளும் ஒவ்வொரு நாளும் அவன் கூலியை இழக்கும் நாளே. கூலிக்குச் சென்றால் சேறு கிடக்கும். சேற்றை அள்ளினால் உலை கிடக்கும். வந்திக்குக் கரைப் பங்கும் பிட்டு வியாபாரமும் ஒரே நேரத்தில் வந்த இக்கட்டு இதுவே. இங்கே மண் சுமக்க எந்த இறைவனும் கூலியாளாக வருவதில்லை.

அதற்கும் மேலான ஒரு தடை உண்டு. கிராமத்து விவசாயி தன் வீட்டைத் தன் மனம்போலத் திருத்திக் கட்டலாம். ஒரு முழம் உயர்த்திக் கட்டலாம். வேறு மேட்டுக்கு நகர்த்தலாம். லயத்தில் வாழ்பவன் அவற்றைச் செய்ய இயலாது. அதில் வாழ்பவன் தொழிலாளி, நிர்வகிப்பது கம்பனி, 1970களின் தேசியமயத்துக்குப் பின் நிலத்தின் உடைமையாளர் அரசு. 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டுப் பின் நெடுங்காலக் குத்தகையாயிற்று. கூரை பறந்தால் மூவரில் யார் தகரம் போடுவது? மலை வெடித்தால் யார் மாற்று நிலம் தருவது? ஒருவர் மற்றவரைச் சுட்டிக் காட்டலாம். மூவரில் விரல் நீட்ட வேறொருவர் இல்லாதவன் தொழிலாளி மட்டுமே.

உள்ளூராட்சியின் கதையும் இதுவே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் திருத்தம் செய்யப்பட்ட பின்னரே அந்தத் தடை நீங்கியது. அதாவது 2003இலும் 2016இலும் 2017இலும் வெள்ளம் அரித்துச் சென்ற லயத்துப் பாதையைச் செப்பனிட, அந்த லயத்து மக்களின் வாக்கையும் பெற்ற சபைக்கே சட்டத்தில் இடமில்லை! இத்தகைய நிலையில் ‘மீண்டெழுக’ என்று வாழ்த்துவது, கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மீரியபெத்தையின் பாடம்

சப்ரகமுவவின் எல்லைக்கு வெளியே, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பக்கத்தில் உள்ள மீரியபெத்தை நமக்கு முக்கியமான பாடம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் அங்கே லயங்கள் மண்ணில் புதைந்தன. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அறிவு இருந்தது, விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தது. இல்லாதிருந்தது ஒன்றுதான்: வெளியேறு என்று சொல்லப்பட்டவன் சென்று குடியேற ஒரு துண்டு நிலம். வெளியேறினால் வேலைத்தலம் தூரமாகும். வேலை போனால் இருப்பிடமும் போகும். எச்சரிக்கையைத் தொழிலாளி அலட்சியம் செய்தான் என்போர், அவனுக்கு எந்தக் கதவு திறந்திருந்தது என்பதையும் கூறுதல் வேண்டும்.

உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நீண்ட காலம் காத்திருந்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின்னர், மக்கல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் அவர்களுக்குக் கையளிக்கப்பட்டன. தாமதத்தைக் கண்டிக்கும் அதே வேளையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: லயம் இருந்த இடத்தில் லயத்தையே மீண்டும் கட்டாது, தனி வீடு என்ற எண்ணம் அங்கே வென்றது. 2015 முதல் பேசப்பட்டும் ஓரளவு நடைமுறைக்கு வந்தும் இருக்கும் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டமும், 2018இன் 32ஆம் இலக்கச் சட்டத்தால் மலையகத்துக்கென அமைந்த புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும், வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மக்களின் நெடிய கோரிக்கையின் பயன் அவை. ஆயின் வேகம் எத்தகையது? மழை காத்திருப்பதில்லை.

2025இன் பேரழிவுக்குப் பின்னர், முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. தொகை பெரிது, வரவேற்கத் தக்கது. ஆயின் வீடு என்று சட்டம் எதனைக் கருதுகின்றது? உடைமைப் பத்திரம் இல்லாத லயக் காம்பரா வீடா? அதில் மூன்று தலைமுறை வாழ்ந்தவன் வீட்டுக்காரனா, குடியிருப்பாளனா? இக்கேள்விகளுக்குத் தெளிவான எழுத்து மூலமான விடை ஒவ்வொரு தோட்டத்துக்கும் கிடைக்கும்வரை, அறிவிப்பு அறிவிப்பாகவே நிற்கும்.

உலகம் கூறுவது

இது நமக்கு மட்டும் உரிய துன்பமன்று. கேரளத்தின் மூணாறு மலையில், பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6ஆந் திகதி இரவு தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. மாண்ட 70 பேரும் தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்ற தொழிலாளர் குடும்பத்தினர். மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து நிகழ்ந்தது. விமானத்தில் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சமும், லயத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சமும் மாநில அரசால் முதலில் அறிவிக்கப்பட்டன. கண்டனம் எழுந்தது இயல்பே. உயிருக்கு விலையில்லை என்பர். விலை உண்டு, அது உயிர் எங்கே குடியிருந்தது என்பதைப் பொறுத்தது என்று அவ்விரு நாட்களும் காட்டின.

1927இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கரையுடைத்தது. கிரீன்வில் நகரில் ஆயிரக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர் கரையின்மேல் சிக்கிக்கொண்டனர். அவர்களைக் கப்பலேற்றி வெளியேற்றத் தோட்டக்காரர்கள் உடன்படவில்லை. போனவர் பருத்திக் காட்டுக்குத் திரும்பமாட்டார் என்ற அச்சமே காரணம். உயிரைக் காப்பதிலும் உழைப்பைக் காப்பது முதன்மையாயிற்று. அவர்களே அந்தக் கரையில் மண் மூட்டைகளைச் சுமந்தனர்; அவர்களே நிவாரணப் பொருள்களை இறக்கினர். வெள்ளம் வடிந்தபின் பலர் தெற்கை விட்டு வடக்கே சென்றனர். அதுவே அவர்கள் கண்ட மீட்சி. நம் தோட்டங்களிலிருந்தும் ஒவ்வொரு அழிவுக்குப் பின் இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் மேற்காசிய வீடுகளுக்கும் செல்வதை நாம் காண்கிறோம். அதற்கு வறுமை என்று மட்டும் பெயரிடுவது போதாது. பழைய நிலைக்கு மீள மறுப்பதன் ஊமைக் குரலும் அதில் உண்டு.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1953 பெப்ரவரியில் ஒல்லாந்தில் கடல் புகுந்து 1,800க்கு மேற்பட்டோரை விழுங்கியது. அந்நாட்டினர் உடைந்த கரையைப் பழையபடி கட்டியதோடு நிற்கவில்லை. பல பத்தாண்டுகளாக உழைத்து, கடலுக்கும் நிலத்துக்குமான உறவையே மாற்றி அமைத்தனர். அவர்களிடம் செல்வம் இருந்தது என்பர். உண்மையே. ஆயின் அங்கே மூழ்கிய நிலம் அவர்கள் நிலமாக இருந்தது என்பதே அதனினும் பெரிய உண்மை.

எழுத்தாளன் முன்னுள்ள வினா

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். வெள்ளத்தையும் சரிவையும் பற்றி அவ்வப்போது வெளிவரும் கவிதைகளிலும் கதைகளிலும் மூன்று குறைகள் அடிக்கடி தென்படுகின்றன. முதலாவது, ஆற்றைக் காளியாகவும் மலையை அரக்கனாகவும் உருவகித்து, குற்றவாளியைப் புராணத்துக்குள் ஒளித்துவிடும் போக்கு. இரண்டாவது, பிணத்தைத் தழுவிய தாயோடு கதையை முடித்து, கண்ணீரையே முடிவாக்கும் போக்கு. மூன்றாவது, மீண்டும் கூடை கட்டி மலையேறும் பெண்ணை உறுதியின் வடிவமாகப் போற்றி, அவள் ஏன் அதே மலைக்கே ஏற வேண்டியதாயிற்று என்பதைக் கேளாது விடும் போக்கு. மூன்றாவதே மிகவும் ஆபத்தானது. அது முற்போக்கின் ஆடையணிந்து வருகின்றது. பொறுமையைப் பாடும் எழுத்து, பொறுக்கவைப்பவனுக்குத் தொண்டு செய்கின்றது.

இதற்கு எதிரான கலைநெறி எங்கே உண்டு? மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை எழுதிய ‘வெள்ளப்பொக்கத்தில்’ என்ற சிறுகதையை நோக்குக. குட்டநாட்டின் வெள்ளத்தில், ஏழைக் குடியானவன் குடும்பத்தோடு தோணியேறித் தப்பும்போது நாயை மறந்துவிடுகின்றான். நாய் அந்த வீட்டைக் காத்து நின்றே மடிகின்றது. ஆசிரியர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஆயினும் எவருடைய உடைமையை எவன் காக்கிறான், காத்தவனை எவர் நினைக்கிறார் என்ற கேள்வி வாசகனை விடுவதில்லை. நம் மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை என்ற வரலாற்றை அந்த ஒரு சொல் தாங்கி நிற்கின்றது. வெள்ளத்தை எழுத முற்படும் இளைஞர் இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவாராக. வெள்ளம் வந்து வீடற்றவனாக்கியதா, வீடற்றவனிடம் வெள்ளம் வந்ததா என்று பிரித்தறிவதே யதார்த்தப் பார்வையின் முதற் படி.

‘முதலில் சோறும் துணியும் கொடுங்கள், நிலம், உரிமை என்ற பேச்சைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்’ என்று நல்லெண்ணம் படைத்த சிலர் கூறுவர். சோறு முதலில் என்பதில் எவர்க்கும் வேற்றுமையில்லை. ஆனால் ‘பின்னர்’ என்னும் அந்த நாள் எப்போது? சேறு காய்ந்ததும் செய்தியாளர் போய்விடுகின்றனர்; அடுத்த மழைவரை எவரும் பேசுவதில்லை. பாதுகாப்பான நிலம் அரிது என்றும், கொடுத்தால் தோட்டம் துண்டாடப்படும் என்றும் கூறுவர். பயிரின்றிக் காடேறிக் கிடக்கும் மலைகளைத் தோட்டத்தில் வாழும் எவரும் அறிவர். வேறு சிலர், தோட்ட நிலம் 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் கண்டிய விவசாயியிடமிருந்து பறிக்கப்பட்டது, அதைத் தமிழனுக்குக் கொடுப்பதா என்று கேட்பர். பறித்தது உண்மை. பறித்தவன் வெள்ளைத் தோட்டக்காரன். அவனிடம் கூலியாக நின்றவன் பறித்தவன் ஆகான். நிலமிழந்த சிங்கள விவசாயியின் பேரனும், நிலமே பெறாத தமிழ்த் தொழிலாளியின் பேத்தியும் ஒரே மலையின் அடியில், ஒரே எச்சரிக்கைக்குக் கீழ் உறங்குகின்றனர். இருவருக்கும் மேட்டு நிலம் வேண்டும். ஒருவருக்கு எதிராக மற்றவரை நிறுத்துவதால் ஆதாயம் பெறுவோர் இருவரும் அல்லர்.

இந்தப் பகுதியின் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணிகள் பல. ஒவ்வொரு தோட்டத்திலும் நீர் எதுவரை ஏறியது, மண் எங்கே வெடித்தது, எந்த லயம் எந்த ஆண்டு கட்டப்பட்டது, எச்சரிக்கை எப்போது வந்தது, யாரிடம் போய் நின்றது என்பவற்றை முதியோரிடம் கேட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கலாம். பிறப்புப் பத்திரம் முதலான ஆவணங்களின் பிரதிகளைப் பள்ளிக்கூடத்தின் உயர்ந்த அறையில் பாதுகாக்கலாம். நிவாரணப் பட்டியலில் எந்தக் காம்பரா விடுபட்டது என்று கணக்கெடுத்துப் பிரதேச செயலகத்தின் முன் வைக்கலாம். கண்ணீரைவிடக் கணக்கு வலியது. கணக்கோடு கூடிய கதை அதனினும் வலியது.

மீட்சி என்ற சொல்லை நாம் கைவிட வேண்டியதில்லை. அதன் பொருளைத் திருத்துதல் வேண்டும். அடுத்த பருவமழை றக்வானை மலையிற் பொழியும்போது, அதே சரிவில், அதே சுவருக்குள், அதே மக்கள் விழித்துக் கிடப்பார்களாயின், எத்தனை மூட்டை அரிசி வழங்கப்பட்டிருப்பினும் ஒரு மீட்சியும் நிகழவில்லை என்றே கொள்ள வேண்டும். அவர்கள் தம் பெயரில் உள்ள நிலத்தில், தாமே தேர்ந்த மேட்டில், தம் கதவைத் தாமே பூட்டி உறங்கும் இரவே மீட்சியின் முதல் இரவு. பாண்டியன் காலத்துப் பிரம்படி எல்லோர் முதுகிலும் பட்டது என்று கதை கூறுகின்றது. இன்று லயத்தின் மீது விழும் மண் நம் அனைவர் முதுகிலும் படுகின்றதா? படுகின்றது என்று உணர்பவரே இந்நாட்டின் கரையை அடைக்க வல்லவர்.